பூச்செடி இலையில் ஆரஞ்சுப் பொடி: இந்தத் துரு நோய் புதுசா, பழசா? கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் அபார்ட்மென்ட் வாசலிலோ ஆபீஸ் வளாகத்திலோ ஓர் ஈழத்தலரி மரம் இருக்கலாம். ப்ளூமேரியா, சம்பா என்றால் சட்டென்று தெரியும். மழைக்காலத்தில் அதன் இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பொடி அப்பியிருந்தால், விரலால் ஒரு முறை தேயுங்கள். பொடி விரலோடு வந்துவிடும். பார்க்க மகரந்தம் மாதிரி இருக்கும் அது, கோலியோஸ்போரியம் ப்ளூமேரியே என்ற பூஞ்சையின் வித்து.

இந்தப் பூஞ்சைக்குப் பெயர் கிடைத்தது 1902-ல், கரீபியன் பகுதியில் உள்ள குவாதலூப் தீவில் எடுத்த மாதிரியை வைத்து. நீண்ட காலம் அமெரிக்கக் கண்டங்களின் நோயாக இருந்தது. 1990-களில் ஹவாய், 2000-களில் தைவான், இந்தியா என்று ஒவ்வொரு இடமாக "எங்களிடமும் வந்துவிட்டது" என்று ஆய்விதழ்களில் குறிப்புகள் வரத் தொடங்கின.

இந்த வருடங்களை ஒருமுறை கவனியுங்கள். நோய் ஒரு நாட்டுக்குள் நுழைந்த நாள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதில் இருப்பது, யாரோ ஒரு நிபுணர் இலையைப் பார்த்துப் பெயர் சொன்ன நாள். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் நோய் வேரூன்றுகிறது. பூச்செடிகளில் இந்த இடைவெளி நீளமாக இருப்பது ஏன்? அதைக் குறைப்பதில் உங்களுக்கு என்ன பங்கு? பார்க்கலாம்.

துரு நோய் என்றால் என்ன?

இரும்பில் பிடிக்கும் துருவுக்கும் இதற்கும் நிறம் மட்டும்தான் சொந்தம். துருப் பூஞ்சைகளில் சுமார் 8,000 இனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், உயிருள்ள செடியில் மட்டுமே வாழ்வது. செத்த இலையிலோ ஆய்வகத் தட்டிலோ மற்ற பூஞ்சைகளைப் போல இவற்றைச் சுலபமாக வளர்க்க முடியாது.

இரண்டாவது குணம், ஆள் பார்த்துத் தாக்குவது. பெரும்பாலான துருப் பூஞ்சைகள் ஒரு செடியையோ அதன் நெருங்கிய உறவுகளையோ மட்டுமே பிடிக்கும். ஈழத்தலரியின் துரு பக்கத்தில் இருக்கும் ரோஜாவுக்குத் தாவாது. மனிதர்களுக்கும் நாய், பூனைகளுக்கும் இதனால் தொற்று வராது. அந்தப் பயம் வேண்டாம்.

மூன்றாவது, வித்துகளின் எண்ணிக்கை. ஒரு சின்னக் கொப்புளத்துக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். காற்று, மழைத்துளி, தோட்டக்காரரின் கை, கத்தரி, நர்சரி வண்டி என எதில் வேண்டுமானாலும் ஏறிப் போகும்.

பூச்செடிதானே என்று தோன்றினால் இந்தக் குடும்பத்தின் பழைய கணக்கு ஒன்று: 1869-ல் இலங்கையின் காபித் தோட்டங்களில் பதிவான துரு, அடுத்த இருபது வருடங்களில் அங்கே காபித் தொழிலையே சரித்தது. தமிழ்த் தொழிலாளர்கள் காபிக்காகத் திருத்திய மலைச்சரிவுகளில் தேயிலை ஏறியது அப்படித்தான்.

துருதான் என்று எப்படி உறுதி செய்வது?

லேப் தேவையில்லை. வெள்ளை டிஷ்யூ பேப்பரும் போன் கேமராவும் போதும்.

முதலில் இலையின் மேல்பக்கம். சின்னச் சின்ன வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெரியும். நாளாக நாளாக நடுவில் பழுப்பாகும்.

அடுத்து அதே புள்ளிக்கு நேர் கீழே, இலையின் அடிப்பக்கம். அங்கே மேலெழும்பிய கொப்புளம் இருக்கிறதா? துரு நோயில் பெரும்பாலும் மேலே புள்ளி, கீழே கொப்புளம் என்று ஜோடியாக வரும்.

மூன்றாவது, டிஷ்யூவால் கொப்புளத்தை மெல்லத் தேயுங்கள். ஆரஞ்சு, மஞ்சள் அல்லது பழுப்புக் கறை ஒட்டினால் துருவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கறை ஒட்டாவிட்டால் உடனே "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். சில துருக்கள் பொடியாக உதிராது. சாமந்தியின் வெள்ளைத் துரு அப்படித்தான், அதைப் பற்றிக் கீழே வருகிறது.

துரு மாதிரியே இருக்கும், ஆனால் துரு இல்லை

கொய்யா, மா, மேக்னோலியா இலைகளின் மேல்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் ஒட்டினாற்போல வட்டங்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலைத் தோட்டங்களில் அதற்குச் "சிவப்புத் துரு" என்றே பெயர். ஆனால் அது பூஞ்சையே இல்லை, செஃபாலியூரோஸ் என்ற பாசி.

முளைக்கீரை, கடுகு இலைகளில் வரும் "வெள்ளைத் துரு"வும் பெயரளவில்தான் துரு. அதை உண்டாக்கும் அல்புகோ வகை நுண்ணுயிர், உறவுமுறையில் துருப் பூஞ்சைகளுக்கு வெகு தூரம்.

சிலந்திப்பேன் உறிஞ்சினால் மேல்பக்கம் ஊசியால் குத்திய மாதிரி வெளுக்கும். அடியில் மெல்லிய வலை இருக்கும், கொப்புளம் இருக்காது. சாம்பல் நோயில் மாவு தூவிய மாதிரி பெரும்பாலும் மேல்பக்கமே வெள்ளையாகிவிடும்.

இதைப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை. தவறான பெயர் வைத்தால் தவறான மருந்து அடிப்பீர்கள். அதைவிட முக்கியம், புதிதாக வந்த ஒன்று பழைய பெயருக்குள் ஒளிந்துகொள்ளும்.

சரி, துருதான். புதுசா, பழசா?

இங்கேதான் கவனம் தேவை. துரு நோய் என்றாலே வெளியிலிருந்து வந்தது என்று அர்த்தம் இல்லை. மல்லிகை, பிச்சிச் செடிகளின் தளிர்களை வீங்கி முறுக்கிக்கொள்ளச் செய்யும் யூரோமைசிஸ் ஹோப்சோனி இந்தியாவில் வெகு காலமாகத் தெரிந்த துரு. அதைப் பார்த்து யாரும் அலாரம் அடிக்க வேண்டியதில்லை.

அதனால் முதல் கேள்வி, "இது என்ன செடி?" செடியின் பெயர் சரியாகத் தெரிந்தால், அதில் ஏற்கெனவே பதிவான துருக்கள் எவை என்று பார்த்துவிடலாம். இரண்டாவது கேள்வி, "கொப்புளம் எந்த நிறம், எந்த அமைப்பு?" மூன்று உதாரணங்கள்:

சாமந்தியில் சாக்லேட் நிறத்தில், தொட்டால் உதிரும் கொப்புளம் என்றால் அது பழுப்புத் துரு. பல நாடுகளில் பழகிப்போன நோய். அதே சாமந்தியில் மேலே 5 மி.மீ. வரை அகலமுள்ள வெளிர்ப் புள்ளி, கீழே இளஞ்சிவப்பாகத் தொடங்கி வெள்ளையாக மாறும் மெழுகு போன்ற கொப்புளம் என்றால் அது வெள்ளைத் துரு, பக்சினியா ஹோரியானா. பல நாடுகளின் குவாரன்டைன் பட்டியலில் இடம்பிடித்த நோய் இது.

கிளாடியோலஸில் இலை நரம்புகள் நீளவாக்கில் ஓடும். சாதாரண நோய்ப் புள்ளிகளும் அதே திசையில்தான் நீளும். யூரோமைசிஸ் டிரான்ஸ்வெர்சாலிஸ் என்ற துரு மட்டும் நரம்புகளுக்குக் குறுக்கே பட்டை போடும். பெயரிலேயே "குறுக்கே" என்ற பொருள் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து மத்தியதரைக்கடல் நாடுகள், தென் அமெரிக்கா வழியாக 2006-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவையும் கலிஃபோர்னியாவையும் எட்டியது.

ஜெரேனியத்தில் கொப்புளங்கள் வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கியிருந்தால், அது தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகம் சுற்றிய துரு.

மூன்றாவது கேள்வி, "இந்தச் செடி எங்கிருந்து வந்தது, எப்போது?" போன மாதம் ஆன்லைனில் வாங்கிய கலப்பின ரகத்தில் மட்டும் வந்திருக்கிறதா, பத்து வருடமாகத் தெருவில் இருக்கும் மரத்திலும் இருக்கிறதா? இந்த ஒரு தகவல் நோயியல் நிபுணருக்குப் பெரிய துப்பு.

"செடி நோய் கண்டுபிடிக்க ஆப் இருக்கே?" என்று கேட்கலாம். போட்டோவைப் பார்த்து "துரு" என்று ஆப் சொன்னால், அதுவரை நம்பலாம். எந்தத் துரு என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே தெரிந்த நோய்களின் படங்களை வைத்துப் பழக்கிய மாடல் அது. புதிதாக ஒன்று வந்தால் அதற்குத் தெரிந்த நெருங்கிய பழைய பெயரைத்தான் சொல்லும், அதுவும் தன்னம்பிக்கையோடு.

ஆய்வகத்தில் என்ன நடக்கும்?

முதலில் மைக்ரோஸ்கோப். வித்துகளின் வடிவம், அளவு, சுவரில் முள் இருக்கிறதா, எத்தனை அறை என்று பார்ப்பார்கள். உதாரணமாக, பக்சினியா வகையின் டீலியோ வித்து இரண்டு அறை கொண்டது. யூரோமைசிஸ் வகையில் ஒரே அறை.

அடுத்து டிஎன்ஏ. பூஞ்சைகளைப் பிரித்தறியப் பயன்படும் குறிப்பிட்ட மரபணுப் பகுதிகளைப் படித்து, உலகப் பொதுத் தரவுத்தளங்களில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடுவார்கள்.

பிறகு, அந்த வித்தை ஆரோக்கியமான செடியில் தூவி அதே அறிகுறி வருகிறதா என்று சோதனை. தட்டில் வளராத பூஞ்சை என்பதால் உயிருள்ள செடியில்தான் இதைச் செய்ய வேண்டும். நாட்கள் ஆகும்.

கடைசியாக, காய்ந்த இலையை ஹெர்பேரியத்தில் சேர்ப்பார்கள். டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலும் புனேயில் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் பூஞ்சைகளுக்கென்றே பெரிய சேகரிப்புகள் உள்ளன. டெல்லி சேகரிப்பு 1905-ல் தொடங்கியது. "இது புதுசு" என்று சொல்ல வேண்டுமென்றால், "முன்பு இருந்தது எது" என்று காட்டும் பழைய இலை கையில் இருக்க வேண்டும் இல்லையா? அதற்குத்தான் இது.

தாமதமானால் என்ன ஆகும்?

மூன்று நோய்களின் காலவரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

*டேலிலி துரு.* ஆசியாவில் பழைய நோய். 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தென்பட்டது. டேலிலி பிரியர்களும் நர்சரிகளும் செடிகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருப்பவர்கள். 2004-க்குள் சுமார் 30 மாநிலங்கள். ஒழிப்பது என்ற பேச்சே முடிந்துபோனது.

*மிர்ட்டில் துரு.* ஏப்ரல் 2010-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரைப் பகுதியில், அலங்காரத்துக்கு இலை வளர்க்கும் ஒரு நர்சரியில் கிடைத்தது. முதலில் ஒரு பெயர் வைத்தார்கள். பிறகு அது பிரேசிலில் 1884 முதலே தெரிந்த கொய்யாத் துருதான் என்று தெளிவானது. 2017-ல் மறுபடியும் பேரினப் பெயர் மாறியது. இந்தப் பெயர் விவாதம் ஒரு பக்கம் நடக்க, அதே டிசம்பரில், அதாவது எட்டே மாதத்தில், ஒழிப்பது சாத்தியமில்லை என்ற முடிவுக்கு அரசு வந்தது. நோய் தோட்டத்தோடு நிற்கவில்லை. காட்டுக்குள் போய், அங்கு மட்டுமே வளரும் ஒரு காட்டுக் கொய்யா இனத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 2017-ல் நியூசிலாந்தையும் எட்டியது. நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் இதே தாவரக் குடும்பம்தான். பூச்செடிப் பிரச்சினை எப்போது உணவுப் பிரச்சினையாகவும் காட்டுப் பிரச்சினையாகவும் மாறும் என்பதற்கு இது போதும்.

*சாமந்தி வெள்ளைத் துரு.* 1963 வரை ஜப்பான், சீனாவைத் தாண்டவில்லை. பிறகு, நடுவதற்காக இறக்குமதி செய்த தண்டுத் துண்டுகளோடு இங்கிலாந்து போய், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் 1977-ல் முதல் முறை தென்பட்டபோது பிடுங்கி எரித்து ஒழித்தார்கள். பிறகும் பலமுறை வந்தது, பலமுறை ஒழித்தார்கள்.

டேலிலிக்கும் சாமந்திக்கும் இடையில் என்ன வித்தியாசம்? சாமந்தியின் நோய்க்கு முன்பே பெயரும் படமும் எச்சரிக்கையும் தயாராக இருந்தன. பார்த்த ஆள் உடனே சொல்ல ஓர் அலுவலகமும் இருந்தது. நோய் தோட்டத்துக்குள் இருக்கும்போதே பெயர் சொன்னால்தான் ஒழிப்பு என்ற வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு மிஞ்சுவது, அதோடு வாழப் பழகும் செலவு.

இந்தியா எங்கே நிற்கிறது?

சட்டம் பழையது. 1914-ம் ஆண்டின் அழிக்கும் பூச்சிகள், நோய்கள் சட்டம். அதன் கீழ் வந்த 2003-ம் ஆண்டு தாவர குவாரன்டைன் ஆணைதான் இன்று இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது. நடவுப் பொருள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

ஆனால் சான்றிதழ் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லும். வெள்ளைத் துரு தொற்றிய சாமந்தித் துண்டு 7 முதல் 10 நாள் வரை சுத்தமாகவே தெரியும். வெயில் அதிகமாக இருந்தால் அறிகுறி வர எட்டு வாரம்கூட ஆகலாம். பூஞ்சைக்கொல்லி அடித்திருந்தால் அறிகுறி இன்னும் அமுங்கிக் கிடக்கும். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இருக்கும் அதிகாரி எவ்வளவு கவனமாக இருந்தாலும், இலையில் இல்லாததைப் பார்க்க முடியாது.

இந்த நோய் ஏற்கெனவே நம் பக்கம் வந்தாயிற்று. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைக்குடில் சாமந்தியில் வெள்ளைத் துருவை ஆராய்ந்து, பாசில்லஸ் பாக்டீரியாக்களைக் கொண்டு அதைக் கட்டுப்படுத்தும் முயற்சியை 2016-ல் வெளியிட்டார்கள். 17 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இலையில் ஈரமும் இருந்தால் இதன் வித்து இரண்டு மணி நேரத்துக்குள் இலைக்குள் புகுந்துவிடும். குளிர்ச்சியான மலைப்பகுதிகளிலும் ஈரம் தேங்கும் பசுமைக்குடில்களிலும் கொய்மலர் வளர்ப்பவர்களுக்கு இது நேரடி வருமானப் பிரச்சினை. இலையில் கொப்புளம் இருக்கும் பூங்கொத்தை யார் வாங்குவார்கள்?

உள்நாட்டில் கண்காணிப்பு பெரும்பாலும் வயல் பயிர்களைச் சுற்றியே இருக்கிறது. மத்திய வேளாண் அமைச்சகம் ஆகஸ்ட் 2024-ல் அறிமுகப்படுத்திய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பில் 61 பயிர்களும் 400-க்கு மேற்பட்ட பூச்சி, நோய்களும் உள்ளன. நல்ல முயற்சி. ஆனால் அது விவசாயியின் வயலை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் பால்கனித் தொட்டி அதன் கணக்கில் இல்லை.

டேட்டாவைப் படிக்கும்போது இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "முதல் பதிவு"களை வரைபடத்தில் புள்ளி வைத்தால், நோய் இருக்கும் இடங்கள் மட்டுமல்ல, தாவர நோயியல் துறை இருக்கும் ஊர்களும் சேர்ந்தே தெரியும். புள்ளி இல்லாத மாவட்டம் நோய் இல்லாத மாவட்டம் என்று அர்த்தம் இல்லை. அங்கே இலையைத் திருப்பிப் பார்க்க ஆள் இல்லாமல் இருக்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. போட்டோ எடுங்கள். முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் என மூன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். தேதி, ஊர், செடி வாங்கிய இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

2. செடியைத் தனியாக வையுங்கள். இலையைக் கிள்ளும் முன் ஒரு கவரால் மூடி, கவருக்குள்ளேயே கிள்ளுங்கள். உதறினால் நீங்களே பரப்பிவிடுவீர்கள். கம்போஸ்ட் தொட்டியில் போட வேண்டாம்.

3. மாதிரியைக் காய வையுங்கள். இரண்டு மூன்று இலைகளை நியூஸ்பேப்பருக்கு நடுவில் அழுத்தி, காய்ந்ததும் காகிதக் கவரில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் போட்டால் அழுகி, எதற்கும் உதவாமல் போகும்.

4. சொல்லுங்கள். நாடு முழுக்க 700-க்கும் மேற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. வேளாண் பல்கலைக்கழகங்களின் தாவர நோயியல் துறையையும் அணுகலாம். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. "பூச்செடிக்கெல்லாமா?" என்று தயங்காதீர்கள்.

5. கட்டிங் கொடுப்பதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் தோட்டக் குழுவில் பகிர்வது நல்ல பழக்கம்தான். பெயர் தெரியும்வரை மட்டும் பொறுங்கள். புதிதாக வாங்கும் செடியையும் சில வாரங்கள் மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். சாமந்தி என்றால் எட்டு வாரம் நல்லது.

6. நீரை வேரில் ஊற்றுங்கள், காலையில். வித்து முளைக்க இலையில் ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை நீங்கள் கொடுக்காதீர்கள். தொட்டிகளுக்கு நடுவே காற்றோட்டம் இருக்கட்டும்.

7. பெயர் தெரியும் முன் மருந்து அடிக்காதீர்கள். அறிகுறி மறைந்தால் நிபுணருக்கு ஆதாரமும் மறையும். ஈழத்தலரித் துரு மரத்தைக் கொல்வதில்லை, விழுந்த இலைகளைப் பெருக்கி அகற்றினாலே அதன் வேகம் குறையும்.

8. வெளிநாட்டுப் பயணத்தில் குச்சி, கிழங்கு, விதை எடுத்து வராதீர்கள். சூட்கேஸில் வரும் ஒரு துண்டுக்குச் சான்றிதழும் இல்லை, பரிசோதனையும் இல்லை.

ஒழிப்புக்கு வாய்ப்புள்ள நாட்கள் மிகக் குறைவு என்பதை ஆஸ்திரேலியாவின் எட்டு மாதம் காட்டுகிறது. அந்த நாட்களில் செடிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் விஞ்ஞானிகளோ அதிகாரிகளோ அல்ல. அங்கே இருப்பது நர்சரி ஊழியர், அபார்ட்மென்ட் தோட்டக்காரர், காலையில் தண்ணீர் ஊற்றும் நீங்கள். பெயர் சொல்வது நிபுணரின் வேலை. ஆனால் அவர் கைக்கு இலை எந்த வாரம் போய்ச் சேருகிறது என்பது உங்களைப் பொறுத்தது.